மருந்து குடித்தால் வருகிறவர்

என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அத்தான் அவளைப் பார்த்து 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க அவருடைய கல்லீரலே கெட்டுப்போக வேண்டியிருந்தது. நான் கிண்டல் பண்ணவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். புருஷன் செத்து அக்கா வீட்டோடு வந்துவிட்ட நான்தான் அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுப்பேன், யாருக்கு எப்போது வகுப்பு என்று சொல்வேன், அழுதுகொண்டு இறங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். அழாமல் இறங்கியவர்கள் குறைவு. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். மாஸ்டர் அதில் கால் வைத்திருப்பார். மற்ற மாஸ்டர்கள் ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவர் ஆளை அவமானப்படுத்துவதற்கென்றே மிதிப்பார். நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஹாரன்கள் கதறக் கதற, ஆற அமர வைவார். "ஸ்டியரிங்கை ஏன்யா பிணத்தைத் தூக்கற மாதிரி பிடிக்கற" என்பார். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஒரு காலேஜ் வாத்தியாரம்மா பாலத்து நடுவில் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். ஊரில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர்.

வீட்டிலும் அவர் அந்தக் காலை எடுக்கவில்லை. அக்கா வாயைத் திறந்தால் ஒரு மிதி. சிரித்தால் ஒரு மிதி. "எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்று அவள் ஒருதடவை கேட்டதற்கு, "கத்துக்கிட்டு எங்க போகப்போற, எமலோகத்துக்கா? அதுக்கு நடந்தே போகலாம்" என்றார். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் வந்த வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். எனக்குத்தான் அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் போடுகிற சோற்றைத்தானே நானும் தின்கிறேன்.

ஒரே மகள். வீட்டில் பாப்பா என்போம். அவளுக்குத் திருட்டுத்தனமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அத்தானிடமே சம்பளத்துக்கு இருந்த சின்ன மாஸ்டர். பொறுமையான பையன். பாப்பா அவனையே கட்டிக்கொண்டாள். அத்தான் அவளுடைய துணிமணியைச் சாக்கில் கட்டி ரோட்டில் எறிந்தார். அவள் வாசலில் நின்று அழுதபோது ஜன்னல் வழியாக, "என் வீட்டு வாசப்படியை மிதிச்சா காலை ஒடிப்பேன். நீ செத்தாலும் எனக்கு யாரும் சொல்லி அனுப்ப வேணாம்" என்றார். பாப்பா போனாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. அத்தான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அக்கா வெளியே எங்காவது போய்த் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வருவாள். பாப்பா ஒருநாளாவது இந்த வீட்டுக்குள் வந்து, அவள் அப்பா 'வாம்மா' என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அக்காவுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. கோயில் குளம் என்று போனால்கூட இதைத்தான் கேட்பாள்.

பிறகுதான் கல்லீரல். மனுஷர் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. கொழுப்பு படிந்து படிந்து, யாருக்கும் தெரியாமல் உள்ளேயே சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். அவருக்கு நோயைவிட அதுதான் பெரிய அவமானம். "குடிகாரனுக்கு வர்றது எனக்கு வந்திருக்கு" என்று டாக்டரிடமே எரிந்து விழுந்தார்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவர் கறியை ஒரு கட்டு கட்டினார். ஈரல் என்றால் அவருக்கு உயிர். அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் சில நாள் வயிறு போகவில்லை. ஒரு காலையில் எழுந்து சீப்பில் பேஸ்ட்டைப் பிதுக்கினார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். கையை நீட்டினால் மணிக்கட்டு தளர்ந்து தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சில் ஒரு மாதிரி அழுகல் தித்திப்பு வாடை. அக்கா பயந்துபோய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முதலில் சிரித்தேன். பிறகு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இளவயசுக்காரி, எங்களை உட்கார வைத்து விளக்கினார். "முட்டை, பருப்பு, கறி எல்லாத்துலயும் புரதம் இருக்கு. குடல் அதை உடைச்சு அமினோ அமிலமா ஆக்கும். அதை வச்சுத்தான் உடம்பு சதை கட்டுது, தோல் பண்ணுது, ரத்தம் பண்ணுது. கொழுப்பு மிஞ்சினா இடுப்புல சேர்த்து வைக்கலாம். இதைச் சேர்த்து வைக்க உடம்புல இடமே கிடையாது. மிஞ்சினதை உடைச்சு எரிச்சாகணும். உடைக்கறப்ப அம்மோனியா வரும். கக்கூஸ் கழுவற சில மருந்தைத் திறந்தா மூக்கைக் குத்துமே, அந்த வாடைதான். அது விஷம். நல்ல கல்லீரல் அதைப் பிடிச்சு யூரியாவா மாத்தி, ஒண்ணுக்குல அனுப்பிடும். இவரோடதுக்கு அந்தத் தெம்பு இல்லை. அம்மோனியா நேரா மூளைக்குப் போகுது."

"அதனாலதான் இப்படிப் பேசறாரா?" என்றாள் அக்கா.

"ஆமா. குடல்ல மலம் தங்கினாலும் அதுலேருந்து அம்மோனியா ஊறிக்கிட்டே இருக்கும். இந்தச் சிரப்பைக் குடுங்க, வயிறு போயிட்டே இருக்கணும். போனா தலை தெளிஞ்சிடும். தினம் ஒரு நட்சத்திரம் வரையச் சொல்லுங்க. கோடு கோணினா, கை படபடத்தா, தூக்கிட்டு வந்துடுங்க."

"அப்போ கறி முட்டையைச் சுத்தமா நிறுத்திடட்டுமா?"

"அது அதைவிட மோசம். பட்டினி போட்டா உடம்பு தன் சதையையே உடைச்சுத் தின்ன ஆரம்பிச்சுடும். காலைப் பாருங்க, இப்பவே தின்னிருக்கு. பருப்பு, தயிர், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. கறியைக் குவிக்காதீங்க. சிரப்பை மட்டும் ஒருநாளும் விடாதீங்க."

நான் அத்தான் காலைப் பார்த்தேன். வேட்டிக்குக் கீழே, அந்த பிரேக் மிதிக்கிற கெண்டைக்கால் வற்றித் தொங்கியது. எனக்குப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

சிரப்பு வேலை செய்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்த அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார், அக்காவைக் கண்டார். "இங்க உட்கார்ந்து மூக்கைச் சிந்தறதுக்கு வீட்டுல வேலை இல்லையா உனக்கு?" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆள் தெளிந்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒழுங்காக என்றால், அக்கா சிரப்பைக் கொடுப்பாள், அவர் குடித்துவிட்டு வைவார். நோயில் உடம்பு இளைத்ததே தவிர நாக்கு இளைக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் வரைகிற நட்சத்திரம் அச்சடித்த மாதிரி இருக்கும். அதை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டி, "நீ வரை பார்ப்போம், உனக்கு எந்தக் காலத்துல ஈரல் கெட்டுச்சோ" என்பார்.

ஒரு வாரம் நட்சத்திரம் கோணியது. அடுத்த வாரம் அது நட்சத்திரமாகவே இல்லை, உடைந்த குடை போல இருந்தது. அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீ ரொம்ப நல்லவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். சிரப்பு பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அடுப்பில் ஈரல் வதங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்ற நீ?" என்றேன்.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "அந்த மருந்து குடிச்சா அவரு வர்றாரு. குடிக்கலைன்னா வேற ஒருத்தர் வர்றாரு. எனக்கு வேற ஒருத்தர்தான் வேணும்."

"செத்துப்போயிடுவாருக்கா."

"சாக விடமாட்டேன். ரொம்ப முத்தினா ரெண்டு நாள் மருந்து குடுப்பேன். கொஞ்சம் தெளியும். அவரு வர்றதுக்குள்ள நிறுத்திடுவேன். எனக்கு இப்ப கை பழகிடுச்சு."

உப்புப் போடுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.  நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சாயங்காலம் அத்தான் என்னைக் கூப்பிட்டு, "நீயும் உட்காரு, நின்னுட்டே இருக்கியே, கால் வலிக்காதா?" என்றார். அந்த வீட்டில் நான் காலம் தள்ளியதில் என் காலைப் பற்றி யோசித்த முதல் மனுஷர் அவர். அதாவது, அந்த வேறு ஒருத்தர்.

அக்கா எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் பாப்பா வாசலில் நின்றாள். படியில் கால் வைக்காமல் வெயிலில் நின்றாள். அத்தான் தட்டுத்தடுமாறி எழுந்து போனார். படபடக்கிற கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.

"வாம்மா. பள்ளிக்கூடம் விட்டுட்டாங்களா? முகமெல்லாம் வாடிப்போச்சே, சாப்பிட்டியா?"

பாப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அவள் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. கடவுள் கொடுத்தாரா ஈரல் கொடுத்ததா என்று அவள் ஆராயவில்லை.

பாப்பா தினம் வர ஆரம்பித்தாள். ஷெட்டில் தூசி படிந்து கிடந்த ஸ்கூல் காரைத் துடைத்து, அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவாள். நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். அத்தான் சீட்டின் மேல் காலைச் சம்மணம் போட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொள்வார். கடை, மரம், நாய், எதைப் பார்த்தாலும் பாப்பாவிடம் காட்டுவார். கீழே பிரேக்கும் கிளட்சும் சும்மா கிடக்கும். "அப்பா எவ்வளவு மாறிட்டார் சித்தி" என்பாள் பாப்பா. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பேன்.

மாதப் பரிசோதனைக்குப் போனபோதுதான் டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தக் கல்லீரல் இனி தாங்காது. வேறு வைத்தால் பிழைப்பார். உயிரோடு இருக்கிற ஒருவரின் கல்லீரலில் பாதிக்கு மேல் அறுத்து வைக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் கொடுக்கிறவர் உயிருக்கும் ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடமாட்டோம் என்றார்.

"நான் குடுக்கறேன்" என்றாள் பாப்பா. டாக்டரம்மா சொல்லி முடிக்கக்கூட இல்லை. இரண்டு பேரையும் ஒரு கமிட்டி உட்கார வைத்து விசாரித்த பிறகுதான் ஆபரேஷன், அன்றைக்கு அவரைத் தெளிவாகக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் விடவில்லை. "நீ சமைச்சு வச்ச ஆளுக்கு அவ வயித்தை அறுத்துக் குடுக்கப்போறா. புது ஈரல் வச்சா அம்மோனியா ஏது? உன் வேற ஒருத்தர் ஏது? அவருதான் வருவாரு, சாகற வரைக்கும் அவருதான். அதுவும் உன் பொண்ணோட ஈரலை வச்சுக்கிட்டு" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஆபரேஷனில் பாப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் குழந்தையை யார் பார்ப்பது என்றும் கேட்டேன். அக்கா அலமாரியைத் திறந்து சிரப்பை எடுத்தாள். அளந்து ஊற்றினாள்.

"கமிட்டி முன்னால அவரைத் தெளிவா கொண்டு வரச்சொல்லியிருக்காங்கல்ல. தெளியட்டும். பாப்பா பார்க்கட்டும். பார்த்தா தானா ஓடிடுவா."

அவ்வளவு நாள் மகளுக்கு அப்பாவைச் சமைத்துக் கொடுத்தவள், அந்த அப்பாவைத் தன் கையாலேயே கழுவி வெளியேற்றத் துணிந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய வலி என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் கொடுத்தாள்.

சிரப்பு இறங்க இறங்க அவர் வந்தார். நட்சத்திரம் நேரானது. கை நின்றது. ஒரு காலையில் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னடி இது, மாட்டுக்கு வைக்கற மாதிரி" என்றார். பிறகு மூக்கை விடைத்து, "அவ இங்க வந்துட்டுப் போறாளா? யாரைக் கேட்டு வாசப்படி மிதிச்சா?" என்றார்.

அக்கா பயப்படவில்லை. அதைக் கேட்கத்தானே காத்திருந்தாள். மகளின் ஈரல் என்றால் இன்னும் எரிந்து விழுவார் என்று நினைத்தாள். "உங்களுக்கு அவ ஈரல் தர்றா. இல்லைன்னா நீங்க பிழைக்க மாட்டீங்க" என்றாள்.

அத்தான் வெகுநேரம் தன் வற்றிய காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிரேக்கில் கால் வைத்து யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், "வரச்சொல்லு" என்றார்.

பாப்பா வந்தாள். நானும் அக்காவும் கதவோரம் நின்றோம். அத்தான் இரண்டு கையையும் நீட்டினார். கைகளில் ஒரு நடுக்கம் இல்லை.

"வா தங்கம். உன்னைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அந்த மனுஷர் முழுத் தெளிவில், நேர்க்கோட்டில் நட்சத்திரம் வரைகிற தெளிவில், பாப்பாவின் தலையை வருடிக்கொண்டிருந்தார். வருடிக்கொண்டே அவள் தலைக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் காரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மிதிக்கவா என்று கேட்கிற பார்வை.

அன்று சமையலறையில் அக்கா மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சிரப்பு, ஈரல், வேறு ஒருத்தர், எல்லாம். பாப்பா சுவரில் சாய்ந்து கேட்டாள்.

"எங்கப்பா என்கிட்ட பிரியமா இருக்கறது விஷத்தாலன்னு சொல்றியா?"

"ஆமாடி."

"இன்னிக்கு விஷம் இல்லையே. இன்னிக்கும் தங்கம்னுதானே கூப்பிட்டாரு?"

"அது ஈரலுக்காகடி கண்ணு."

பாப்பா தாயைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிடலைல்ல அவரு. வயித்தெரிச்சலாம்மா உனக்கு?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு பாப்பாவை அறைய வேண்டும் போல இருந்தது. பிள்ளைகளுக்குக் கையில் இருக்கிற அம்மா இளப்பம். கிடைக்காத அப்பன்தான் சாமி.

கமிட்டி நாளன்று ஸ்கூல் காரில்தான் போனோம். பாப்பா ஓட்டினாள். அத்தான் பக்கத்து சீட்டில் ஏறினார். ஏறியதும் அவருடைய கால் தானாக பிரேக்கைத் தேடிப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. பாப்பா அதைக் கவனித்தாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். கவனித்தாள்.

"அப்பா, காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டுக்கோங்களேன். எப்பவும் போடுவீங்களே."

"இருக்கட்டும் தங்கம். நீ ஓட்டு."

முதல் திருப்பத்தில் ஒரு மிதி. கார் குலுங்கியது. "நான் பார்த்துக்கறேன்பா" என்றாள். "சரி தங்கம்." கடைத்தெருவில் இன்னொரு மிதி. அவர் பல்லைக் கடிப்பது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. தாடை புடைத்துப் புடைத்து அடங்கியது. மனுஷர் உயிருக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் யாருக்காகவும் கட்டாத வாய்.

ரவுண்டானாவில் ஒரு லாரி குறுக்கே நுழைந்தது. பாப்பா அழகாக ஒதுக்கினாள். நானே பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. அத்தான் இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கை மிதித்தார். கார் துள்ளி, நடுவில் அணைந்து நின்றது. பின்னால் ஹாரன்கள் கதறின. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், அவரால் முடியவில்லை.

"எருமை. எவன்டி உனக்கு லைசென்ஸ் குடுத்தான்? அந்த எச்சக்கலை நாய்கிட்ட படுத்துக் கத்துக்கிட்டா இப்படித்தான் வரும். ஆஸ்பத்திரி வரைக்கும் என்னை ஒழுங்கா கொண்டு போய்ச் சேத்துடு. அறுத்துக் குடுத்துட்டு அப்புறம் எங்க வேணா போய் மோதிச் சாவு."

பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். பாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முன்னால் குனிந்து மகளின் தோளைத் தொட்டாள். அத்தானுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

"பயத்துல வந்துடுச்சு தங்கம். மனசுல வச்சுக்காதே."

"இல்லைப்பா" என்றாள் பாப்பா. சாவியைத் திருப்பினாள்.  ஆஸ்பத்திரியில் இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே, பின்னால் எடுத்து ஒரே தடவையில் நிறுத்தினாள்.

கொடுக்கிறவரைத் தனியாகத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். பாப்பா போனாள், சீக்கிரமே வந்தாள். என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து, "வேணாம்னு சொல்லிட்டேன் சித்தி. வீட்டுக்காரங்ககிட்ட பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்லுவாங்களாம்" என்றாள். அப்படித்தான் சொன்னார்கள். வேறு யாராவது கொடுக்க முன்வந்தாலோ, செத்தவர் யாருடையதாவது கிடைத்தாலோ பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அக்காவின் ரத்த வகை சேராது. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடையாது.

அத்தான் அதைக் கேட்டுவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தார். இனி தங்கம் எதற்கு? "பெத்ததுக்கு இதுக்குக்கூட உதவலை நீ" என்றார். "ஆட்டோ பிடிங்க. இவ ஓட்டற வண்டியில நான் ஏறமாட்டேன். வீட்டுப் பக்கம் தலை காட்டினா தெரியும்."

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனாள். ஒரு வேளைகூடத் தவறாமல் சிரப்பு கொடுத்தாள். பருப்பும் தயிரும் அளந்து வைத்தாள். கறி வாடையே வீட்டில் இல்லை. இப்போது யாருக்காக அவரைத் தெளிவாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"அவருக்காகத்தான். தெளிவா இருக்கட்டும். சாகப்போறோம்னு தெளிவா தெரிஞ்சு உட்கார்ந்திருக்கட்டும்" என்றாள்.

அவருக்குத் தெரிந்தது. வயிறு வீங்கியது, கால் குச்சியானது, கட்டிலை விட்டு எழக் கை தேவைப்பட்டது. உடம்பு தன்னையே உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. தனியாக இருக்கும்போது அவர் பயந்து முனகுவது முன்னறை வரை கேட்கும். அக்கா உள்ளே போனால் முனகல் வசவாக மாறும். அவள் முகம் கல் மாதிரி இருக்கும். சிரப்பை நீட்டுவாள், காலண்டர் தாளை நீட்டுவாள், நட்சத்திரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவாள். என் அக்காவைப் பார்த்து நான் பயந்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். வெயிலில் நிற்கவில்லை, நேரே படியேறி சமையலறைக்கு வந்தாள். கையில் கறிக்கடைப் பை. மேடையில் வைத்தாள். ரத்தம் கசிந்து பையின் அடி சிவந்திருந்தது.

"என்னடி?" என்றாள் அக்கா.

"ஈரல். நாலு நாளைக்கு வரும். தினம் வாங்கிட்டு வர்றேன்." அலமாரியைத் திறந்து சிரப்பு பாட்டிலை எடுத்தாள், தொட்டியில் கவிழ்த்தாள். அது கொழகொழவென்று மெதுவாக இறங்கியது. "இவரை வச்சுக்கிட்டு நீ பழி வாங்கினது போதும்மா. அந்த வேற ஒருத்தரை எனக்குக் குடு. கொஞ்ச நாளைக்காவது குடு."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை விட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

ஈரல் வதங்குகிற வாடை உள்ளே போனதும் அத்தானின் வசவு நின்றது. பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்ன மனுஷர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். எலும்பும் தோலுமான கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். இன்னொன்று. இன்னொன்று.

"இந்த ஈரலையாவது ஒழுங்கா கொண்டு வந்தியே" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் பாப்பா. கரண்டியை எடுத்து இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.